வெள்ளி மாலை முடிவெடுத்து, சனி காலை கடலோரம்: பாரிஸில் இருப்போருக்கான வழிகாட்டி

பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் புதிதாகக் குடியேறிய நம்மவர்கள் பலருக்கு, பிரான்ஸின் கடற்கரை என்றதும் நீஸ், கான் போன்ற தென்கரை நகரங்களே நினைவுக்கு வருகின்றன. அதிவேக ரயிலில் சென்றாலும் நீஸை அடைய ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும் என்பதால், அந்தப் பயணம் ஒரு வார இறுதிக்குள் அடங்குவதில்லை. கோடை விடுமுறை வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்படுகிறது. வடமேற்கே இருக்கும் நோர்மாண்டிக் கடற்கரைக்கோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னர் முடிவெடுத்தாலும், மறுநாள் நண்பகலுக்குள் மணலில் நடந்துகொண்டிருக்கலாம்.

இப்படித் திடீரென்று புறப்படுவதற்கும் மூன்று செய்திகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் ரயில், கடலின் ஏற்றவற்ற நேரம், இரவு தங்கும் இடம் ஆகிய இவற்றை வெள்ளி மாலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டால், மற்றவற்றையெல்லாம் அங்கே போய்த் தீர்மானித்துக்கொள்ளலாம். நான் சொன்ன இந்த வரிசையையும் மாற்றாதிருப்பது நல்லது. பெரும்பாலோர் முதலில் அறையைத் தேடிப் பணம் கட்டிவிட்டு, அதன் பிறகே ரயிலைப் பார்க்கிறார்கள். ஞாயிறு மாலை ரயில்களில் இடமில்லை என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

நிலையத்தைக் கொண்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்

பாரிஸின் பெரிய ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு உரியவை. சென் லசார் நிலையத்திலிருந்து நோர்மாண்டிக்கு ரயில்கள் புறப்படுகின்றன: துரூவில்–தோவில், லு ஆவ்ர் ஆகிய ஊர்களுக்கு நேரடியாகச் செல்லலாம், தியெப் செல்ல வேண்டுமானால் பொதுவாக ருவானில் மாற வேண்டும். மோன்பர்நாஸ் நிலையத்திலிருந்து பிரெத்தாஞ் மாநிலத்தின் சென் மாலோவுக்கு நேரடி அதிவேக ரயில் உண்டு. 2017ஆம் ஆண்டு ரென் வரையிலான புதிய அதிவேகப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து இந்தப் பயணம் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரமாகக் குறைந்துவிட்டது. நேரடி ரயில் கிடைக்காதபோது ரென்னில் இறங்கி வட்டார ரயிலில் மாறிச் செல்லலாம். லா ரொஷேலும் மோன்பர்நாஸிலிருந்தே செல்லக்கூடிய ஊர்தான் என்றாலும், ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆவதால் முதல் பயணத்துக்கு அதனை நான் பரிந்துரைப்பதில்லை.

முதன்முறை செல்வோருக்கு துரூவில்–தோவிலே மிகவும் ஏற்றது. துக் என்னும் சிறிய ஆறு இவ்விரு ஊர்களையும் பிரிக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ரயில் நிலையம் நடுவில் இருப்பதால், இறங்கியவுடன் எந்தப் பக்கம் நடந்தாலும் கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் கடல் வந்துவிடும். பேருந்தோ வாடகைக் காரோ தேவையில்லை. வெண்சுண்ணப் பாறை வளைவுகளால் புகழ்பெற்ற எத்ரெதாவுக்கு ரயில் செல்வதில்லை. லு ஆவ்ரில் இறங்கி அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேருந்தில் செல்ல வேண்டும். படத்தில் பார்த்து மயங்கி முதல் பயணத்திலேயே எத்ரெதாவுக்குப் புறப்படுவோர் பலர். ஆகஸ்டு மாதச் சனிக்கிழமையில் அந்தச் சிற்றூரின் தெருக்களில் கூட்டத்தில் நகர்வதை விட, லு ஆவ்ரிலேயே தங்கிவிடுவது மேல் என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போரில் அழிந்து, ஒகுஸ்த் பெரே என்னும் கட்டடக் கலைஞரின் தலைமையில் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பப்பட்ட அந்த நகரத்தை 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிலையத்தின் எதிரே டிராம் ஏறினால் கடற்கரையிலேயே இறங்கலாம்.

லண்டனில் வாழும் உறவினர்கள் நியூஹேவனிலிருந்து நான்கு மணி நேரக் கப்பல் பயணத்தில் தியெப் வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அவர்கள் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் என்றால், பிரித்தானியாவில் வசிக்கும் உரிமை இருந்தாலும் ஷெங்கன் விசா வேண்டும். அவர்களுக்கு இது ஒரே மாலையில் முடிவெடுக்கக்கூடிய பயணமாக இருக்காது.

திரும்பும் ரயிலை முதலில் பிடியுங்கள்

சனிக்கிழமை காலையில் பாரிஸிலிருந்து பல ரயில்கள் புறப்படுகின்றன. ஒன்று நிறைந்தால் அடுத்ததில் செல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ, கடற்கரைக்குச் சென்ற அத்தனை பேரும் 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் திரும்ப விரும்புகின்றனர். ஆகவே ரயில் பயணச்சீட்டு வாங்கும் எஸ்.என்.சி.எஃப். கனெக்ட் செயலியைத் திறந்ததும் முதலில் ஞாயிற்றுக்கிழமையின் திரும்புபயணத்தைத் தேடுங்கள். அதில் இடமும் ஏற்கத்தக்க விலையும் இருந்தால்தான் அந்த ஊர் இந்த வாரத்துக்கு உரிய ஊர்.

விலையைப் பொறுத்தவரை இரண்டு வகை ரயில்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். சென் மாலோவுக்குச் செல்லும் அதிவேக ரயிலின் கட்டணம், விமானக் கட்டணத்தைப் போலவே, நாள் நெருங்க நெருங்க ஏறும். நோர்மாண்டி மாநிலம் நடத்தும் நோமாத் ரயில்களின் கட்டணம் கடைசி நேரத்தில் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. திடீர்ப் பயணத்துக்கு நான் நோர்மாண்டியை முன்வைப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். ஆண்டுக்குப் பலமுறை அதிவேக ரயிலில் செல்லும் எண்ணமிருந்தால், 49 யூரோ விலையுள்ள அவாந்தாஜ் அட்டையை வாங்கிக்கொள்ளலாம். வார இறுதியை உள்ளடக்கிய பயணங்களுக்கு அது 30 விழுக்காடு கழிவு தருகிறது. வட்டார ரயில்களுக்கு அந்தந்த மாநிலத்தின் தனிக் கழிவு அட்டைகள் உள்ளன என்பதால், எந்த அட்டை எந்த ரயிலுக்குச் செல்லுபடியாகும் என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நவிகோ மாத அட்டை வைத்திருப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த அட்டை இல்-து-பிரான்ஸ் மாநிலத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதை நம்பி நோர்மாண்டி ரயிலில் ஏறினால் தண்டம் கட்ட நேரிடும்.

ரயில் விலை கைக்கு எட்டாதபோது பெர்சி பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் நெடுந்தூரப் பேருந்துகளையும், பிளாபிளாகார் வழியாகக் காரில் இடம் பகிர்வதையும் பார்க்கலாம். கார் பகிர்வில் வெள்ளி இரவு வரை புதிய இடங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டிருக்கும் நாள்களில், மறுநாள் எந்தெந்த ரயில்கள் ஓடும் என்பது வழக்கமாக முந்தைய நாள் மாலை 5 மணிக்கு வெளியிடப்படுகிறது. அதைப் பார்த்த பின்னரே அறைக்குப் பணம் கட்டுங்கள்.

கடலின் நேரத்தைப் பாருங்கள்

நம் ஊர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படி தேவையற்றதாகத் தோன்றலாம். தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கையின் கரையிலும் கடல் மட்டம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரைச் சுற்றியே இருப்பதால், காலையில் பார்த்த கடற்கரையும் மாலையில் பார்க்கும் கடற்கரையும் ஏறத்தாழ ஒன்றுதான். சென் மாலோவில் அந்த உயரம் பெரிய ஏற்றங்களின்போது 12 மீட்டரையும் தாண்டும். ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த ஏற்றவற்றம் காணப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று. காலையில் கோட்டைச் சுவரில் மோதிய நீர், நண்பகலில் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரியும். துரூவிலிலும் வற்றத்தின்போது நீரைத் தொடுவதற்குச் சில நூறு மீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேர இடைவெளி உண்டு. அந்த நேரங்கள் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பின்தள்ளிப்போகின்றன. பிரெஞ்சுக் கடற்படையின் நீர்வரைவியல் நிறுவனமான ஷோம் வெளியிடும் அட்டவணையில், ஊர் வாரியாக இந்த நேரங்களும் அவற்றின் அருகே 20 முதல் 120 வரையிலான ஓர் எண்ணும் இருக்கும். இந்த எண்ணே அன்றைய ஏற்றவற்றத்தின் வலிமையைக் காட்டும் குணகம். 70 என்பது சராசரி. 100ஐத் தாண்டினால் கடல் மிகத் தொலைவுக்கு வற்றி, மிக உயரத்துக்கு ஏறும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இந்த எண் உச்சத்தைத் தொடும்போது, சில்லோன் கடற்கரையின் சுவரில் அலை மோதி எழுவதைப் பார்ப்பதற்கென்றே சென் மாலோவில் கூட்டம் கூடுகிறது. அந்த நாள்களில் அறை கிடைப்பதும் அரிது.

ஏற்றம் ஒரே சீராக வருவதில்லை என்பதே புதியவர்கள் அறியாத ஆபத்து. ஆறு மணி நேரத்தை ஆறு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கும், அடுத்தடுத்த மணி நேரங்களில் முறையே இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்ற பங்குகளும் ஏறும் என்பது கடலோடிகள் கொள்ளும் கணக்கு. 12 மீட்டர் ஏறும் நாளில் மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் மட்டும் மும்மூன்று மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர், நீர் உயர்கிறது. தட்டையான மணலில் அந்த 5 சென்டிமீட்டர் பல மீட்டர் தூரத்தை விழுங்கிவிடும்.

சென் மாலோவின் எதிரே உள்ள கிரான் பே தீவுக்கு வற்றத்தின்போது கல் பாதையில் நடந்தே செல்லலாம். 1848இல் மறைந்த எழுத்தாளர் ஷத்தோபிரியானின் பெயர் பொறிக்கப்படாத கல்லறை அங்கே கடலை நோக்கி இருக்கிறது. வற்றத்துக்கு முன்னரே சென்று, நீர் திரும்பத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள். பாதை நீரில் மூழ்கிவிட்டால் அதைக் கடக்க முயலக் கூடாது. அடுத்த வற்றம் வரை தீவிலேயே காத்திருப்பதுதான் பாதுகாப்பு. எத்ரெதாவின் பாறைகளின் அடிவாரத்திலும், அங்குள்ள குகைவழியிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குளிப்பதற்கு ஏற்றத்தை ஒட்டிய நேரமும், நடப்பதற்கும் பாறைக் குட்டைகளில் நண்டு தேடுவதற்கும் வற்றத்தை ஒட்டிய நேரமும் ஏற்றவை. குழந்தைகளுடன் செல்வோர் இதை வைத்தே அன்றைய நாளின் அட்டவணையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரவு தங்கும் இடம்

வார இறுதிகளில் வீடுகளை வாடகைக்கு விடுவோர் பலர் குறைந்தது இரண்டு இரவுகள் தங்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பதால், ஓர் இரவுக்கு ஹோட்டலும் ஷாம்ப்ர் தோத் எனப்படும் விருந்தினர் அறைகளுமே பொருந்தும். இந்த விருந்தினர் அறைகள் வீட்டு உரிமையாளர் தம் வீட்டிலேயே விடுபவை. ஐந்து அறைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், காலை உணவு கட்டணத்தில் அடங்க வேண்டும் என்பதும் சட்டம். ஹோட்டல்களில் காலை உணவுக்குப் பெரும்பாலும் தனிக்கட்டணம் இருப்பதால், அதை விட்டுவிட்டு அருகிலுள்ள ரொட்டிக் கடைக்குச் செல்வதே சிக்கனம். இவற்றுக்கு மேல், வயது வந்தோருக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி விதிக்கும் தங்கல் வரியும் சேரும்.

வெள்ளி மாலை இணையத்தில் அறை இல்லை என்று காட்டினாலும், ஹோட்டலை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். கடைசி நேரத்தில் விலகியவர்களின் அறைகள் இப்படிக் கிடைப்பதுண்டு. அதுவும் வாய்க்காவிட்டால், தோவிலில் தேடுவதை விட்டு லிசியேவில் தேடலாம். தோவில் செல்லும் கிளைப்பாதை பிரியும் இடமே லிசியே. அங்கிருந்து கடற்கரை ரயிலில் ஏறத்தாழ 20 நிமிடத் தூரம்தான். தமிழ்நாட்டில் சிறுமலர் என்ற பெயரில் பள்ளிகள் பல இருப்பதற்குக் காரணமான புனித தெரேசா 1897இல் மறைந்த ஊர் அது. அவர் பெயரால் எழுந்த பெருங்கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களுக்காக ஊரில் தங்கும் வசதிகள் அமைந்துள்ளன; அவருடைய திருவிழாவை ஒட்டிய செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்க நாள்களில் மட்டும் அங்கும் நெரிசலாக இருக்கும். தோவிலில் ஆகஸ்டுக் குதிரைப் பந்தயங்களும், 1975 முதல் நடக்கும் செப்டம்பர் மாத அமெரிக்கத் திரைப்பட விழாவும் அறை விலையை உயர்த்துபவை. மே மாதத்தின் நீண்ட வார இறுதிகளைத் திடீர்ப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

பையில் என்ன, பணப்பையில் என்ன

ஒரு தோள்பை போதும். சிறிய நிலையங்களில் பொருள் வைக்கும் பெட்டகம் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆனால் அறை பதிவு செய்த ஹோட்டலிலேயே, மாலையில் அறை தரும் நேரம் வருவதற்கு முன்பும், மறுநாள் அறையைக் காலி செய்த பின்பும், பையை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். ஜூலை மாதத்திலும் காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வெயில் எரிக்கும் நாளிலும் மாலைக் காற்று குளிரும். கோடையின் உச்சத்தில்கூட இங்கே கடல்நீர் 17 முதல் 19 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். லு ஆவ்ர், எத்ரெதா, தியெப் ஆகியவை கூழாங்கல் கரைகள் என்பதால் அங்கே நீரில் இறங்கத் தனிக் காலணி வேண்டும். எத்ரெதாவின் கூழாங்கற்களை நினைவுப் பொருளாக எடுத்து வருவது தடை செய்யப்பட்டுள்ளது.

நாட்டுக்குள் பயணம் செய்வதானாலும் வெளிநாட்டவர் வதிவிட அனுமதி அட்டையையோ, புதுப்பிப்பில் இருந்தால் அதற்கான ரெசெப்பிசே எனப்படும் தற்காலிகச் சான்றையோ உடன் வைத்திருக்க வேண்டும். ரயிலிலும் நிலையத்திலும் கேட்கப்படலாம்.

சனிக்கிழமையை எப்படிச் செலவிடுவது

துரூவில் செல்வோர் முதலில் ஆற்றங்கரையிலுள்ள மீன் சந்தைக்குச் செல்லுங்கள். சிப்பியும் நண்டும் இறாலும் அங்கேயே தட்டில் வைத்துத் தருவார்கள். பின்னர் ஆற்றைக் கடந்து தோவிலின் பிளான்ஷ் எனப்படும் பலகை நடைபாதைக்குப் போகலாம். ஏற்றத்தின்போது சிறு படகும் வற்றத்தின்போது நடைபாலமும் ஆற்றின் முகத்துவாரத்தில் மக்களை மறுகரை சேர்க்கின்றன. 1920களில் அமைக்கப்பட்ட அந்தப் பலகைப் பாதையின் ஓரமுள்ள உடைமாற்றும் அறைகளில், தோவில் விழாவுக்கு வந்த திரைக்கலைஞர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். இரண்டு ஊர்களில் துரூவிலே எனக்கு உகந்தது. தோவில் பணக்காரர்களுக்கென்று 1860களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். துரூவிலில் மீன்பிடிப் படகுகள் இன்றும் கரை சேர்கின்றன. நேரமிருந்தால் பேருந்தில் ஓன்ஃப்ளர் சென்று, பழைய துறைமுகத்தையும், கப்பல் தச்சர்கள் 15ஆம் நூற்றாண்டில் மரத்தால் எழுப்பிய சென்ட் கத்ரீன் தேவாலயத்தையும் பார்த்துத் திரும்பலாம். சனிக்கிழமை காலையில் அந்தத் தேவாலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும்.

சென் மாலோவில் நிலையத்திலிருந்து மதில் சூழ்ந்த பழைய நகருக்கு 15 முதல் 20 நிமிடம் நடக்க வேண்டும். மதிலின் மேல் ஒரு முழுச் சுற்று நடந்தால் ஊரின் அமைப்பு விளங்கிவிடும். பழமையானது போலத் தோன்றும் வீடுகளில் பெரும்பாலானவை, 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் அழிந்த பின்னர் மீண்டும் கட்டப்பட்டவை. போன் செக்கூர் கடற்கரையில், வற்றத்தின்போதும் நீரைத் தேக்கி வைக்கும் கடல்நீர்க் குளம் ஒன்றுண்டு. கடல் விலகிப்போன நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள் அங்கே நீந்தலாம். எதிர்க்கரையிலுள்ள தினார் ஊருக்குப் படகில் பத்து நிமிடத்தில் சென்றுவிடலாம்.

உணவகங்களின் அடுப்பு நண்பகல் 12 முதல் 2 மணி வரையிலும், மாலை 7 முதல் ஏறத்தாழ 9.30 வரையிலுமே எரியும். மூன்று மணிக்குப் பசியோடு வருவோருக்கு ரொட்டிக் கடையும், கிரேப் எனப்படும் மெல்லிய அப்பம் விற்கும் சில கடைகளும்தான் கதி. கறுப்புக் கோதுமை எனப்படும் பக்வீட் மாவில் வார்த்த கலெத்தை, தோசை பழகிய நாக்கு உடனே ஏற்றுக்கொள்ளும். கொம்ப்ளேத் என்று பட்டியலில் இருப்பதில் முட்டை, பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு பன்றியிறைச்சியும் இருக்கும். வேண்டாதவர்கள் “சான் ஜாம்போன்” (பன்றியிறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிட வேண்டும். நோர்மாண்டியில் தெர்கூல் கிடைத்தால் தவறவிடாதீர்கள்: அரிசியையும் பாலையும் சர்க்கரையையும் இலவங்கப்பட்டையோடு சேர்த்து, மெல்லிய சூட்டில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து, மேலே பழுப்பு ஏடு படியும்வரை வேகவிட்ட இனிப்பு அது. ஞாயிறு பிற்பகலில் பல கடைகள் மூடிவிடும் என்பதால், குழந்தைகளுக்கான பாலையும் பழத்தையும் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

நீரில் இறங்கும்போது

கடற்காவலர்கள் பொதுவாக ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், பகலின் சில மணி நேரம் மட்டுமே பணியில் இருப்பார்கள். பச்சைக் கொடி பறந்தால் குளிக்கலாம், மஞ்சள் கவனத்துக்கு, சிவப்பு என்றால் இறங்கக் கூடாது, ஊதா, மாசு அல்லது ஆபத்தான உயிரினங்கள் இருப்பதைக் குறிக்கும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியே காவலர்களின் கண்காணிப்பில் உள்ளது. கடலில் ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால் 196 என்ற எண்ணை அழைத்தால் கடல்மீட்பு மையம் நேரடியாகப் பதிலளிக்கும். 112 எண்ணும் உதவும்.

ஞாயிறு மாலை

ரயில் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள்; துரூவில்–தோவிலில் ஞாயிறு மாலைக் கூட்டம் நடைமேடை வரை நிறைந்திருக்கும். முத்திரையிட வேண்டிய தாள் பயணச்சீட்டு வைத்திருப்போர் ஏறுவதற்கு முன் அதை முடித்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் உள்ள சீட்டுக்கு அது தேவையில்லை. சென் லசாரில் இறங்கிக் கிழக்குப் புறநகர்களுக்குச் செல்வோருக்கு, நிலத்தடியில் இணைந்திருக்கும் ஓஸ்மான் சென் லசார் நிலையத்தின் எர்-உ-எர் இ (RER E) புறநகர் ரயில் வழித்தடம் எளிது. லாசப்பல் செல்வோரும் அதில் ஏறி, அடுத்த நிலையமான மஜெந்தாவில் இறங்கலாம். வார இறுதி இரவுகளில் புறநகர் வழித்தடங்கள் பராமரிப்புப் பணிக்காக நிறுத்தப்படுவதுண்டு. கடற்கரையிலிருந்து கிளம்பும் முன்னரே, வீடு வரையிலான கடைசி ரயில் ஓடுகிறதா என்பதை இல்-து-பிரான்ஸ் மொபிலித்தே செயலியில் பார்த்துக்கொண்டு, ஓடவில்லையென்றால் ஒரு ரயில் முன்னதாகவே புறப்பட்டுவிடுங்கள்.